கொத்தனார் வென்ற தங்கம்

காலில் இரண்டு நீளப் பலகைகள். கீழே பனிமலைச் சரிவு. மணிக்கு 100 கிலோ மீட்டருக்கும் மேலான வேகம். தவறி விழுந்தால் எலும்பு நொறுங்கும்! இதுதான் பனிச்சறுக்குப் பந்தயம்.

ஆஸ்திரியா நாட்டில் பிளாகாவ் என்ற சிற்றூர். 1972-ல் பிறந்த ஹெர்மன் மையர் அங்கே வளர்ந்தவர். 15 வயதில் பனிச்சறுக்குப் பள்ளியில் சேர்ந்தார். உடம்பு போதாது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பையன் என்ன செய்தான்? கோடையில் கரண்டி பிடித்துச் சுவர் கட்டினான். குளிர்காலத்தில், தந்தை நடத்திய பள்ளியில் சறுக்கச் சொல்லிக் கொடுத்தான்.

1996 ஜனவரியில் அந்த ஊரிலேயே உலகக் கோப்பைப் பந்தயம் நடந்தது. பாதையைச் சோதிக்க, பந்தயத்துக்கு முன்னால் சிலரைச் சறுக்க விடுவது வழக்கம். அதற்கு வந்தார் நமது கொத்தனார். கடிகாரத்தைப் பார்த்தவர்கள் திகைத்தார்கள். போட்டியில் இருந்திருந்தால் 12-வது இடம்!

திருப்பி அனுப்பியவர்களைக் கெட்டவர்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் 15 வயது உடம்பு முடிந்துபோன உடம்பா? ஒரு முறை அளந்தவர்கள், மறுபடி அளக்க வேண்டாமா? பந்தயம் வேறு ஊரில் நடந்திருந்தால் மையரை யார் கண்டிருப்பார்கள்?

1998-ல் ஜப்பானில், நாகானோ ஒலிம்பிக். மையர் அந்தரத்தில் தூக்கி எறியப்பட்டு, வேலிகளைத் தகர்த்துக்கொண்டு விழுந்தார். எல்லோரும் பதறினார்கள். மூன்றே நாளில் தங்கப் பதக்கம்! அடுத்த மூன்று நாளில் இன்னொன்று!

2001-ல் மோட்டார் சைக்கிள் விபத்து. காலையே எடுக்க வேண்டியிருக்குமோ என்ற நிலை. 2003 ஜனவரியில் அதே காலோடு வந்து மறுபடி வென்றார். 2009-ல் ஓய்வு பெற்றபோது, அவருடைய உலகக் கோப்பைப் பந்தய வெற்றிகள் 54.