மொட்டை டயரும் பன்னிரண்டு பேரும்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குச் சேந்தமங்கலம் டீக்கடையில் நாங்கள் பன்னிரண்டு பேர். சேலத்திலிருந்து இருட்டோடு கிளம்பி வந்திருந்தோம். வண்டிகளை வரிசையாகச் சாய்த்துவிட்டு, இரண்டாவது டீ சொல்லிவிட்டு, ஒருவன் வண்டியை இன்னொருவன் சுற்றிவந்து பார்ப்பது எங்கள் வழக்கம். எங்களில் ஒருவனுடைய பின்டயர் மொட்டை. பள்ளத்துக்குள் தேய்மானம் காட்டுவதற்கென்று சின்ன மேடு இருக்குமே, அது டயரோடு டயராய்ச் சமமாகிக் கிடந்தது. "மாப்ள, இதுல மூஞ்சி பாத்து ஷேவ் பண்ணலாம் போல" என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தோம். டயர்க்காரனும்தான். "தீபாவளி போனஸ் வந்ததும் மாத்திருவேன்டா." அதோடு பேச்சு பிரேக் பேடுக்குப் போய்விட்டது.

இந்த டயரோடு மலையேறாதே, என் பின்னால் உட்கார் என்று ஒரு வாய் சொல்லவில்லை. சொன்னவனுக்கு அன்று முழுக்கப் 'பெரியப்பா' என்று பேர் விழுந்திருக்கும். அந்தப் பேருக்குப் பயந்தோம்.

கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. ஏறும்போது பலகை பலகையாய் நின்று படம் எடுத்தோம். மதியம் இறங்கும்போது தூறல். கடைசி வண்டியாக ஒருவன் வரவேண்டும் என்பது நாங்களே போட்ட விதி. அன்று கடைசியில் வரவேண்டியவன் வீடியோ எடுப்பதற்காக முன்னால் போய்விட்டான். ஆக, மொட்டை டயர்க்காரன் வழுக்கித் தடுப்புச் சுவரில் மோதியதை எங்களில் யாரும் பார்க்கவில்லை. இரண்டு வளைவு தாண்டி வந்த பிறகுதான் ஆள் குறைகிறது என்று உறைத்துத் திரும்பி ஏறினோம்.

108க்குப் பேசியவனிடம் எந்த வளைவு என்று கேட்டார்கள். போன் நிறையப் பலகைப் படம் வைத்திருந்தவன் மேலும் கீழும் பார்த்து விழித்தான். அடுத்த வளைவுக்கு ஓடிப்போய் எண் பார்த்து வந்து சொன்னோம். அதற்குள் இன்னொருவன் விழுந்தவனைத் தூக்கி உட்காரவைத்து வாயில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். நினைவில்லாதவனுக்குத் தண்ணீர் கொடுக்கக்கூடாது, கழுத்தை அசைக்கக்கூடாது என்பதை ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு நர்ஸ் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். எங்கள் பைகளில் செயின் ஸ்பிரே இருந்தது, பஞ்சர் கிட் இருந்தது, கேமராவுக்கு உபரி பேட்டரி இருந்தது. ஒரு கட்டுத் துணி இல்லை. எட்டு வருஷமாக மலை மலையாய்ச் சுற்றுகிறவர்கள் ஒருநாள் முதலுதவி வகுப்பில் உட்காரவில்லை.

ஹெல்மெட்டைப் பற்றியும் ஒரு பொய் இருக்கிறது. "நல்ல ஹெல்மெட் போட்டும் போயிட்டான் பாருங்க, எல்லாம் விதி" என்று துக்க வீட்டில் பேசிக்கொண்டார்கள். நாங்கள் தலையாட்டினோம். ஹெல்மெட் ஐஎஸ்ஐ முத்திரையோடு, ஒரு கீறல்கூட இல்லாமல், அவனுக்குப் பத்தடி தள்ளிக் கிடந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். மேலே டீ குடித்துவிட்டுக் கிளம்பியபோது அவன் கிளிப்பை மாட்டவில்லை. எங்களில் பாதிப் பேரும் மாட்டவில்லை. 2022-இல் மட்டும் இந்தியாவில் இருசக்கர வாகனங்களில் வந்து இறந்தவர்கள் 74,897 பேர் என்கிறது அரசுக் கணக்கு. ஹெல்மெட் அணியாதவர்களுக்கு அதில் தனி வரிசை இருக்கிறது. மாட்டாத கிளிப் எந்த வரிசையில் ஏறும்? தலையில் இருந்தது என்று எழுதிவிடுவார்கள். நாங்களும் அப்படித்தான் சொன்னோம்.

இதுவரை 'நாங்கள்' என்றே எழுதிவிட்டேன். அடுத்தது என் கணக்கு. வண்டி இன்சூரன்ஸைப் போனில் புதுப்பிக்கும்போது, உரிமையாளரே ஓட்டி விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 15 லட்சம் கிடைக்கும் கட்டாயப் பாலிசி ஒன்று சேர்ந்து வரும். வருஷத்துக்குச் சில நூறு ரூபாய்தான். 'எனக்கு ஏற்கெனவே இருக்கிறது' என்ற கட்டத்தில் டிக் போட்டால் அந்தத் தொகை கழியும். யாரும் சரிபார்க்க மாட்டார்கள். இந்த வித்தையைக் குழுவுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். "ஒரு டேங்க் பெட்ரோல் மிச்சம்டா" என்றேன். அவனும் டிக் போட்டிருந்தான். எதிரே இன்னொரு வண்டி வந்து மோதியிருந்தால் அதன் இன்சூரன்ஸிடம் வழக்காடிக் கேட்கலாம். தானே விழுந்தவனின் குடும்பத்துக்கு அந்தக் கதவும் இல்லை. ஏழு வயதுப் பெண் குழந்தை இருக்கிறது.

காரியம் முடியும்வரை தினமும் போனோம். பதினாறாம் நாளுக்குப் பந்தல் போட்டது நாங்கள், பந்தி பரிமாறியது நாங்கள். வண்டிகளில் அவன் பெயரை ஸ்டிக்கராக ஒட்டிக்கொண்டோம். டிசைனுக்கு மட்டும் இரண்டு நாள் விவாதம் நடந்தது. அதன்பின் மாதம் ஒருமுறை என்று ஆகி, பிறகு பொங்கலுக்கு என்று ஆனது. வாரிசுச் சான்றிதழுக்கு அவன் மனைவி தாலுகா ஆபீஸுக்குத் தனியாக அலைந்ததை வேறு யாரோ சொல்லித்தான் கேள்விப்பட்டோம். அதே வாரம் நாங்கள் வால்பாறை போயிருந்தோம்.

முதல் வருஷத் திதிக்குப் பதினோரு பேரும் போனோம். சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். அவன் மனைவி சொம்பில் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, உள்ளே போகாமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, வண்டியை எடைக்குப் போட்டப்ப அந்தக் கடைக்காரர் சொன்னார். பின்னாடி டயர் சுத்தமா தேஞ்சு போயிருந்துச்சாம். நீங்க யாராச்சும் முன்னாடியே பாத்தீங்களா?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. உள்ளே குழந்தை டிவி பார்த்துக்கொண்டிருந்தது.

"கவனிக்கலம்மா" என்றான் எங்களில் ஒருவன். ஷேவ் பண்ணலாம் என்று சொன்னவன்தான். மற்ற பத்துப் பேரும் மோரை எடுத்துக் குடித்தோம்.