கிளிஞ்சலின் பூர்வ கதை

சென்ற சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்குப் போயிருந்தோம். தேனிக்குத் தெற்கே, முல்லை ஆற்றங்கரையில், கௌமாரியம்மன் சந்நிதியில் நடக்கும் அந்த வைபவத்தைப் பற்றிக் கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்லி மாளாது. ஆகையால் அக்கினிச் சட்டிகளையும் ராட்டினங்களையும் ஜனசமுத்திரத்தையும் விட்டுவிட்டு, ஆற்றோரமாகத் துணி விரித்துச் சங்கும் சோழியும் கிளிஞ்சல் மாலையும் பரப்பியிருந்த ஒரு சிறு கடையண்டை வாசகர்களை அழைத்துச் செல்கிறோம்.

நம்முடன் வந்தவர் சின்னமனூரில் கொடிக்கால் வைத்திருக்கும் பழைய சிநேகிதர். அவருடைய பெண்ணுக்குப் பத்து வயது. அவள் ஒரு வெண்சங்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாமா! இதற்குள்ளே இருந்த பூச்சி குட்டியாக இருந்தபோது வீடும் குட்டியாக இருந்ததா? அல்லது வீடில்லாமல் பிறந்து, அப்புறம் கட்டிக்கொண்டதா?" என்று கேட்டாள்.

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனையோ சங்கை எடுத்து ஊதியிருக்கிறோம். இந்தக் கேள்வி தோன்றியதில்லை.

சிநேகிதர் மடியிலிருந்த வெற்றிலையை எடுத்து, நரம்பைக் கிள்ளி, சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே, "கடல் சமாசாரமெல்லாம் நமக்கு எதற்கு, அம்மா? கடல் எங்கே, நாம் எங்கே! மேற்கே மலை, தெற்கே மலை; நடுவிலே நாம்" என்றார். நாம் அவருடைய விரல் நுனியைச் சுட்டிக் காட்டினோம். கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு அது. அந்தக் கிளிஞ்சல் ஒரு காலத்தில் ஒரு ஜந்துவின் வீடு. சின்னமனூர் வெற்றிலையைக் கடல் வந்து தொடாத நாள் கிடையாது என்று சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். பெண்ணின் கேள்வி மட்டும் அப்படியே நின்றது. அன்று பாதி சொன்னோம். மீதியை இந்தப் பக்கத்தில் சொல்கிறோம்.

அவள் சொன்ன இரண்டும் உண்மையே. சங்கு வீட்டோடு வெளியே வருகிறது. தாய்ச் சங்கு கடலடி மணலில் ஆட்டுக்கொம்பு போல முறுக்கிய நீண்ட உறை ஒன்றை ஊன்றிவிட்டுப் போகிறது. அதன் அறைகளுக்குள்ளேயே குஞ்சுகள் வளர்ந்து, ஓடும் உடலுமாகச் சின்னஞ்சிறு சங்குகளாகவே கதவு திறந்து வெளிவருகின்றன. அலையும் பருவம் அவற்றுக்கு இல்லை. பிறந்த ஊரிலேயே வாழ்ந்து முடிக்கிற கிராமவாசிகள்.

முத்துச் சிப்பியின் ஜாதகம் நேர்மாறானது. சிப்பிக்குத் தாய் வீடு கிடையாது. ஆணும் பெண்ணும் தத்தம் விந்தையும் முட்டைகளையும் லட்சக்கணக்கில் தண்ணீரிலே கொட்டிவிட்டு வாய் மூடிக்கொள்கின்றன. கருவுற்ற முட்டையின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான். சில மணி நேரத்தில் அது மயிரிழைகளைச் சுழற்றிக்கொண்டு பம்பரம்போல் நீந்தத் தொடங்குகிறது. ஏறக்குறைய ஒரு நாள் கழிவதற்குள் இரண்டு மெல்லிய ஓடுகள் அதன்மேல் மூடிக்கொள்கின்றன. வீடில்லாமல் பிறந்து, மறுநாளே வீடு கட்டிவிடுகிறது! மனிதர்களில் இதைச் செய்தவர் யாரையும் நாம் அறியோம்.

இந்தப் பருவத்துக்கு விஞ்ஞானிகள் 'வெலிஜர்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். முக்காடு தரித்தது என்று தமிழிலே சொல்லலாம். ஓட்டுக்கு வெளியே விரியும் ஒரு மெல்லிய சவ்வு, அதன் ஓரமெல்லாம் துடிக்கும் மயிரிழைகள்; நீந்துவதும் அதனால், கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகளை வாய்க்குத் தள்ளுவதும் அதனால். கடலின் ஓட்டத்தை எதிர்க்க அந்தக் குழந்தைக்குச் சக்தி இல்லை. ஆனால் மேலே எழும்பவும் கீழே இறங்கவும் அதற்குத் தெரியும். மேல்நீர் ஒரு திசையிலும் அடிநீர் வேறொரு திசையிலும் போகும் இடத்தில், எந்த மட்டத்தில் நிற்பது என்பதே எந்த ஊருக்குப் போவது என்பதைத் தீர்மானித்துவிடும். மெயில் வண்டியை நிறுத்த நம்மால் முடியாது. எந்த வண்டியில் ஏறுவது என்பது நம் கையில் இருக்கிறதல்லவா?

இப்படிச் சுமார் மூன்று வாரம். பிற்பாதியில் கண் போன்ற ஒரு கரும்புள்ளி தோன்றும். பிறகு கால் முளைக்கும். கால் வந்ததும் கீழே இறங்கி, கிடைத்த இடத்தைத் தடவிப் பார்க்கும். கெட்டியான பாறையோ பழைய சிப்பியோ அகப்பட்டால் நூல் சுரந்து தன்னைக் கட்டிக்கொள்ளும். முக்காடு கழன்று போகும். நீந்தும் வித்தை அன்றோடு மறந்து போகும். வெறும் மணலாயிருந்தால் சாவுதான். இடம் பிடிக்காத குஞ்சுகள் மறுபடி எழுந்து சில நாள் தேடி அலைவதும் கடல் ஜீவன்களில் பலவற்றுக்கு உண்டு. ஆனால் அதற்கும் ஒரு கெடு இருக்கிறது. இவ்வளவுக்குள் மீனின் வாய்க்கும், ஜெல்லிமீனின் கைக்கும், பசிக்கும் பலியானவை போக, லட்சத்தில் ஒன்றிரண்டு மிஞ்சினால் அதிர்ஷ்டம்.

பாறையிலும் படகின் அடியிலும் ஒட்டிக்கொண்டு காலைக் கிழிக்கும் கொட்டலசின் கதை இன்னும் வேடிக்கையானது. அதன் குஞ்சைப் பார்த்தால் இறாலின் தம்பி என்றே சொல்லத் தோன்றும். கடைசிப் பருவத்தில் அது ஒன்றும் தின்பதில்லை. தன் இனத்தார் குடியிருந்த தடம் எங்கே என்று உணர்கொம்புகளால் நடந்து நடந்து சோதித்து, திருப்தியானதும் தலையைக் கீழே வைத்துப் பசை ஊற்றி ஒட்டிக்கொள்கிறது. பிறகு ஆயுள் முழுவதும் தலைகீழாய்க் கிடந்து, கால்களால் உணவை வாயில் தள்ளிக்கொள்கிறது. ஓட்டைப் பார்த்து இதை நத்தை, சிப்பி ஜாதியில் சேர்த்திருந்தார்கள். அயர்லாந்தில் இருந்த வாகன் தாம்ஸன் என்னும் பட்டாளத்து வைத்தியர் கடல் நீரைத் துணி வலையால் வடிகட்டி, குஞ்சுகளைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து வளர்த்துப் பார்த்து, இது நண்டு, இறால் குலத்தைச் சேர்ந்தது என்று 1830-ல் நிரூபித்தார். ஜந்துவின் ஜாதியை அதன் பால்யம்தான் சொல்லிற்று. டார்வின் 1846 முதல் எட்டு வருஷம் கொட்டலசைக் கட்டிக்கொண்டு அழுதார் என்பது வாசகர்களில் சிலருக்கு நினைவிருக்கும்.

இதெல்லாம் வெறும் விநோதம் என்று யாராவது நினைத்தால், கொற்கையின் சரித்திரத்தைப் பார்க்கட்டும். பாண்டிய நாட்டின் பெயரை உலகமெல்லாம் கொண்டுபோனது முத்து. அந்த முத்து விளைந்தது மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடிக்கு எதிரே கடலடியில் கிடக்கும் பாறைத் திட்டுகளில். அவற்றைப் 'பார்' என்பார்கள். தொள்ளாயிரம் பார் என்று ஒன்று உண்டு. அந்தப் பார்களின் குணம் அரசாங்கங்களைப் பைத்தியமாக அடித்திருக்கிறது. சில வருஷம் சிப்பி குவிந்து கிடக்கும். பிறகு பத்து வருஷம், இருபது வருஷம் வெறும் பாறை. ராஜாவின் பாவம் என்றும், திருக்கை மீனின் வேலை என்றும், பேராசையுடன் மூழ்கி அள்ளியதன் பலன் என்றும் ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசிக் காரணத்தில் உண்மை கொஞ்சம் அதிகம் என்பது நம் அபிப்பிராயம்.

இலங்கை அரசாங்கம் இந்தப் புதிரை விடுவிக்க ஹெர்ட்மன் என்ற பேராசிரியரை வரவழைத்தது. 1902-ல் அவரும் அவருடன் வந்த ஜேம்ஸ் ஹார்னெலும் பார் பாராகச் சோதித்தார்கள். இலங்கைக் கரையில் பெரிய பார் என்னும் திட்டிலே குஞ்சுச் சிப்பிகள் கணக்கற்றுப் படிவதும், பருவக்காற்று வந்தால் அடியோடு துடைக்கப்பட்டுப் போவதும் பலமுறை நடந்திருக்கிறது என்று அவர்கள் கண்டார்கள். அலையும் குஞ்சு நல்ல இடத்தில் இறங்கினால் செல்வம். ஆழமும் தரையும் தவறிய இடத்தில் இறங்கினால் சர்வநாசம். முத்து உண்டாவதற்கும் ஒருவகை நாடாப்புழுவின் குஞ்சே காரணம் என்று அவர்கள் கருதினார்கள். அந்தச் சித்தாந்தம் பின்னால் நிலைக்கவில்லை. ஹார்னெல் பிறகு சென்னை ராஜதானியின் மீன்வள இலாகாவுக்கு வந்து, சங்கைப் பற்றியும் பெரிய நூல் எழுதினார்.

சுதந்திரத்துக்குப் பின் 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் முத்துக் குளிப்பு நடந்தது. அதோடு சரி. அதற்குப் பிறகு பார்கள் பழைய வளத்துக்குத் திரும்பவில்லை.

அந்நியர் எழுதி வைத்துப் போனதோடு விஷயம் நின்றுவிடவில்லை என்பதில் நமக்குப் பெருமை உண்டு. 1947-ல் தொடங்கி வெகுகாலம் மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஸ்ரீ க. அழகர்சாமியும் அவருடைய குழுவினரும் தூத்துக்குடிக்கு அருகே வேப்பலோடையில் 1973-ல் நம் சிப்பியில் வளர்ப்பு முத்தை விளைவித்தார்கள். ஜப்பானியர் ரகசியமாய்க் காத்த வித்தை அது. ஆனால் கடலில் சிப்பி அகப்படாவிட்டால் வித்தையால் என்ன பயன்? ஆகவே அவர்கள் குழந்தைப் பருவத்துக்கே போனார்கள். தொட்டியில் சிப்பிகளை முட்டையிட வைத்து, நுண்பாசியைத் தனியாக வளர்த்து ஊட்டி, தண்ணீரை மாற்றி மாற்றி, 1981-ல் முட்டையிலிருந்து ஒட்டும் குஞ்சுவரை கரையிலேயே வளர்த்துக் காட்டினார்கள். சுமார் 24 நாள் கைக்குழந்தைபோல் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியம். பிறகு அப்படி வளர்த்த சிப்பிகளைப் பார்களிலே கொண்டு விதைத்தும் பார்த்தார்கள். கடல் அதை வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிடவில்லை.

கடலடியை நாம் கெடுத்துவைத்திருப்பதும் உண்டு. பவளப் பூச்சியின் குஞ்சும் இப்படித்தான் சில நாள் நீந்திவிட்டுக் கெட்டியான தரை தேடி இறங்குகிறது. அந்தத் தரையான பவளப் பாறையையே சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல்லாண்டு வெட்டி ஏற்றினார்கள். தூத்துக்குடிப் பக்கத்தில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. 1986-ல் அந்தத் தீவுகளின் பகுதி தேசியப் பூங்கா ஆயிற்று. 2001-ல் பவளம் வனஜீவிச் சட்டத்தின் உயர்ந்த பாதுகாப்பைப் பெற்றது. அதற்குள் கடல் நீரின் வெப்பம் வேறு வந்து சேர்ந்தது. 2010-லும் 2016-லும் பவளங்கள் வெளுத்து மாண்டன.

இதைக் கேட்டுக்கொண்டு வந்த நம் சிநேகிதர் ஆற்றைக் காட்டினார். "இந்தத் தண்ணீருக்கும் அந்தக் குஞ்சுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?" என்றார். அது நல்ல கேள்வி. 1895-ல் பெரியாற்று அணை முடிந்து மலைக்கு இந்தப் பக்கம் திரும்பிய தண்ணீர், கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தை நனைத்து, வைகையோடு கலந்து, 1959 முதல் வைகை அணையில் தங்கி, மதுரையைத் தாண்டி, ராமநாதபுரத்துக் கண்மாய்களில் ஒடுங்குகிறது. வெள்ளம் பெருகிய வருஷத்தில்தான் மிச்சம் ஆற்றங்கரை என்ற ஊரருகே பாக் விரிகுடாவில் விழுகிறது. கடலுக்குப் போகும் நீர் வீண் என்று மேடையில் பேசுகிறோம். ஆனால் கடலில் பிறக்கும் வெள்ளை இறாலின் குஞ்சு வளர்வதற்கு நன்னீர் கலந்த கழிமுகத்துக்குள் ஏறி வருகிறது. ஆற்றில் வாழும் பெரிய நன்னீர் இறாலோ, குஞ்சு பொரிக்கக் கழிமுகத்துக்கு இறங்கிப் போகிறது. உப்பில்லாத தண்ணீரில் அதன் குஞ்சுகள் பிழைப்பதில்லை. லிங் என்ற விஞ்ஞானி 1960-களின் தொடக்கத்தில் பினாங்கில் இதைக் கண்டுபிடித்த பிறகுதான் அந்த இறாலை வளர்க்கவே வழி பிறந்தது. ஆற்றின் குறுக்கே சுவர் எழுப்பினால், ஏறுகிறவனுக்கும் இறங்குகிறவனுக்கும் ஒருங்கே கதவு சாத்தினது போலத்தான்.

"அப்படியானால் எங்கள் தண்ணீரைக் கடலுக்கு விடச் சொல்கிறீர்களா?" என்று சிநேகிதர் குரலை உயர்த்தினார். அப்படிச் சொல்ல நமக்குத் துணிவில்லை, நியாயமும் இல்லை. கொடிக்கால் வாடினால் கேட்க அவர் இருக்கிறார். நெல் கருகினால் கேட்கச் சங்கங்கள் இருக்கின்றன. கழிமுகத்துக் குஞ்சுக்காகக் கேட்க ஒருவரும் இல்லை என்பதையும் கணக்கில் எழுதவேண்டும் என்று மட்டும் சொன்னோம். அவர் பதில் பேசவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

பள்ளிக்கூடம் திறப்பதற்குள் பெண்ணைத் தூத்துக்குடிக்கு அழைத்துப் போவதாக அன்று வாக்களித்தார். கொடிக்காலில் வேலை மிகுதி என்பதால் ஒத்திப் போட்டிருப்பதாக நேற்றுக் கடிதம் வந்தது. அடியிலே பென்சிலால் வேறொரு கையெழுத்து: "மாமா, கொட்டலசுக்குத் தலை ஒட்டிக்கொண்டால் வலிக்காதா?" இதற்கு என்ன எழுதுவதென்று யோசித்துக்கொண்டிருக்கிறோம்.