மூக்கு நீளம், பழி லென்ஸுக்கு

கொல்கத்தாவில் வீட்டு நாயையும் பூனையையும் படமெடுக்கத் தொடங்குகிற எவருக்கும் முதலில் கிடைப்பது ஒரே பாடம்தான். எஸ்ப்ளனேடு மெட்ரோ கலியின் கேமராக் கடைகளில் லென்ஸ் விலை விசாரிப்பவரானாலும், கல்யாண வீட்டில் கேமராக்காரரிடம் பேச்சுக் கொடுப்பவரானாலும் கேட்பது இதைத்தான்: “50 மி.மீ. எஃப் 1.8 பிரைம் லென்ஸ் வாங்குங்கள். அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து வைத்து எடுங்கள். கண் கூர்மையாக வரவில்லையென்றால் லென்ஸ் ஃபோகஸ் தவறுகிறது, கேலிபிரேட் செய்துவிடுங்கள்.” முதல் வாக்கியத்தோடு எனக்குச் சண்டையில்லை. அந்த லென்ஸ் கொடுத்த காசுக்கு மேல் உழைக்கும். மற்ற இரண்டும் பலரை வீணாக அலைய வைக்கின்றன.

முழுக்கத் திறப்பதை முதலில் பார்ப்போம். கேனான் 1500டி, நிக்கான் டி3500 போன்ற சிறு சென்சார் கேமராவில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் வைத்து ஒரு மீட்டர் தூரத்தில் நாயை எடுத்தால், கூர்மையாக விழும் ஆழம் முன்னும் பின்னும் சேர்த்து ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர். தெருவில் பிறந்து வீட்டுக்கு வந்த நம் ஊர் நாய்க்குக் கண்ணிலிருந்து மூக்கு நுனி வரை சாதாரணமாகவே பத்து சென்டிமீட்டர் இருக்கும். லாப்ரடாருக்கும் அப்படித்தான். கண்ணில் ஃபோகஸ் வைத்தால் மூக்கு கரையும், மூக்கில் வைத்தால் கண் கரையும். இதில் லென்ஸ் எங்கே தவறு செய்தது? கேமராவைத் தன் விருப்பப்படி ஃபோகஸ் புள்ளியைத் தேர்ந்தெடுக்க விட்டிருந்தால், அது பெரும்பாலும் தனக்கு மிக அருகில் இருப்பதைப் பிடிக்கும். நாய் முகத்தில் அருகில் இருப்பது மூக்கு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர் “முன்னால் ஃபோகஸ் ஆகிறது” என்று லென்ஸைச் சபிக்கிறார்.

பக் நாய் வைத்திருப்பவர்கள் மட்டும் இந்த லென்ஸைப் பற்றிச் சத்தியம் செய்வார்கள். 2003-இல் வந்த ஹட்ச் செல்பேசி விளம்பரம் அந்த நாயை நாட்டின் வீடுகளுக்குள் கொண்டுவந்தது. முகமே தட்டையாக இருப்பதால் கண்ணும் மூக்கும் ஒரே ஆழத்துக்குள் அடங்கிவிடுகின்றன. பூனைகளும் ஓரளவு இந்தக் கட்சி. பக் எடுத்தவரின் அனுபவத்தை நம்பி நீளமூக்கு நாய் வைத்திருப்பவர் எஃப் 1.8-இல் மல்லுக்கட்டுவதுதான் பரிதாபம்.

வழி எளிது. ஒரு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்குப் பின்வாங்குங்கள். அதே எஃப் 1.8-இல் ஆழம் இரண்டரையிலிருந்து பத்து சென்டிமீட்டருக்கு மேலே போகும். அங்கேயே எஃப் 2.8 வைத்தால் பதினாறு சென்டிமீட்டர் வரை கிடைக்கும். கண், மூக்கு, மீசைமுடி எல்லாம் உள்ளே. நாய்க்குப் பின்னால் சுவர் மூன்று நான்கு மீட்டர் தள்ளியிருந்தால் பின்னணியும் போதுமான அளவு கரையும். இதைவிடக் கரைய வேண்டும் என்று ஆசைப்படுகிறவர், தம் நாயை விடத் தம் லென்ஸை அதிகம் நேசிக்கிறார் என்றே நினைக்கத் தோன்றுகிறது.

“வடக்குக் கொல்கத்தாவின் பழைய வீடுகள் இருட்டு, முழுக்கத் திறக்காமல் முடியாது” என்பது அடுத்த வாதம். எஃப் 1.8-இலிருந்து 2.8-க்கு வந்தால் ஒளி பாதிக்கும் கொஞ்சம் கீழே போகும், ஐ.எஸ்.ஓ. 800 வைத்த இடத்தில் 2000 வைக்க வேண்டும். அதனால் படத்தில் வரும் புள்ளிகளைப் பின்னால் மென்பொருளில் குறைத்துக்கொள்ளலாம், ஃபோகஸ் தவறிய கண்ணைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அதற்கும் மேல், இந்த ஊருக்கே இதில் ஒரு பாடம் உண்டு. சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ (1956) படத்துக்காகக் காசி வீட்டின் முற்றத்தைக் கொல்கத்தா ஸ்டுடியோவில் அமைத்தபோது, ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே துணியைக் கட்டி, விளக்குகளை அதில் மோதவிட்டுத் திரும்பி வரும் மென்மையான ஒளியில் எடுத்தார். பார்ப்பவருக்கு அது திறந்த வானத்தின் வெளிச்சமாகவே தெரிந்தது. உங்கள் வீட்டு ஜன்னலின் மரத்தடுப்பைத் திறந்து, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டுங்கள். அப்பர்ச்சரைத் திறப்பதைவிட அதிக பலன் தரும். அறை விளக்கை நம்புவதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்.இ.டி. பல்புகள் நொடிக்கு நூறு முறை துடிக்கும். ஓடும் நாயை நிறுத்த 1/500 நொடி வைத்தால் ஒரு படம் பளிச்சென்றும் அடுத்தது மங்கலாகவும், சில நேரம் கோடு கோடாகவும் வரும்.

இனி கேலிபிரேஷன். அது பொய்யல்ல, தேவைப்படும் இடம்தான் குறுகலானது. டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் ஃபோகஸை அளக்கும் சென்சார் வேறு, படம் பதியும் சென்சார் வேறு. கண்ணாடி வழியாக ஒளி கீழே இறங்கி ஃபோகஸ் சென்சாருக்குப் போகிறது. அந்தப் பாதையும் பதியும் சென்சாருக்கான பாதையும் துளி வேறுபட்டாலும் ஃபோகஸ் முன்னோ பின்னோ நகரும். அதைச் சரிக்கட்டத்தான் பெரிய கேமராக்களின் மெனுவில் ±20 வரை திருத்தும் வசதி வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், இந்த அறிவுரையை அதிகம் கேட்கிறவர்கள் கையில் இருக்கும் 1500டி-யிலும் டி3500-இலும் அந்த மெனுவே கிடையாது. மிரர்லெஸ்ஸில் ஃபோகஸைப் பதியும் சென்சாரே அளப்பதால் இந்த நோய்க்கான காரணமே பெரும்பாலும் போய்விட்டது. சோனி 2019-இல் ஏ7 III-க்கு விலங்குக் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதியை மென்பொருளிலேயே கொடுத்தது. ஆனாலும் முழுத் திறப்பில், அருகில், கூர்மையாக விழும் ஆழம் சில சென்டிமீட்டர்தான்.

மெனு இருப்பவர் முதலில் பார்க்க வேண்டியது தவறு ஒரே பக்கமா, இரண்டு பக்கமுமா என்பதை. தராசு முள்ளே விலகியிருந்தால் எதை வைத்தாலும் ஒரே அளவு பிசகும். நிறுக்கிற கை நடுங்கினால் ஒருமுறை கூடும், ஒருமுறை குறையும். கேமராவை முக்காலியில் நிறுத்தி, சுவரில் ஒட்டிய அச்சிட்ட தாளை, நாயை வழக்கமாக எடுக்கும் அதே தூரத்திலிருந்து பல முறை எடுங்கள். ஒவ்வொரு முறைக்கும் முன் ஃபோகஸைக் கையால் கலைத்துவிடுங்கள். தாளருகே சாய்வாக ஓர் அளவுகோல் இருந்தால் எந்தப் பக்கம் விலகுகிறது என்று தெரியும். எப்போதும் ஒரே பக்கமே விழுந்தால் திருத்துங்கள். முன்னும் பின்னுமாகச் சிதறினால் எந்த எண்ணும் உதவாது.

“ஒருமுறை செய்தால் போதும்” என்பதும் சரியல்ல. ஃபோகஸ் அளப்பது முழுத் திறப்பில். அப்பர்ச்சரைச் சுருக்கும்போது சில வேகமான லென்ஸ்களில் கூர்மையின் இடமே பின்னுக்கு நகரும். கேனான் 50 மி.மீ. எஃப் 1.2 எல் இதற்குப் பேர்போனது. அருகில் சரியான எண் தூரத்தில் தவறலாம். அதனால்தான் சிக்மா தன் யு.எஸ்.பி. டாக்கில் ஒரே பிரைம் லென்ஸுக்கு நான்கு தூரங்களில் தனித்தனித் திருத்தம் வைத்தது. மஞ்சள் விளக்கும் பகல் ஒளியும்கூட ஒரே முடிவைத் தராது.

இத்தனையும் செய்தாலும் நாய் அசையும். பொத்தானை அழுத்தி ஷட்டர் திறப்பதற்குள் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டதென்றால், மெதுவாக நடந்து வரும் நாய்கூடப் பத்து சென்டிமீட்டர் நெருங்கியிருக்கும். நீங்கள் மில்லிமீட்டர் கணக்கில் திருத்தியது எங்கே போயிற்று? ‘பதேர் பாஞ்சாலி’யில் (1955) மிட்டாய்க்காரரின் பின்னால் அப்பு, துர்கா, அவர்களுக்குப் பின்னால் ஒரு நாய் என்று வரிசையாகப் போகும் காட்சி எல்லோருக்கும் நினைவிருக்கும். நாய் லேசில் பின்தொடரவில்லை. துர்காவின் கையில், முதுகுக்குப் பின்னால், சந்தேஷ் இனிப்பைக் கொடுத்த பிறகுதான் நடந்தது. நாய் எந்த இடத்தில் நிற்கும், எந்தப் பக்கம் பார்க்கும் என்பதை ஒரு துண்டு சந்தேஷால் முடிவு செய்துவிட்டால் ஃபோகஸுக்குப் பாதி வேலை மிச்சம். (நாய்க்கு நிறைய இனிப்பு ஆகாது; அவித்த கோழித்துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.)

முழுத் திறப்பு தன் பெருமையைக் காட்டும் இடமும் இந்த ஊரில் இருக்கிறது. பாக்பஜாரில் ஞாயிறு தோறும் கூடும் காலிஃப் தெருச் சந்தையில், கூண்டுக் கம்பிக்கு மிக நெருக்கமாக லென்ஸை வைத்து எஃப் 1.8-இல் எடுத்தால், உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கும் பறவை தெளியும், கம்பி காணாமலே போகும்.

கடைசியாக, படம் எங்குமே கூர்மையாக இல்லாமல் வெளிறிக் கிடந்தால் அது பெரும்பாலும் ஃபோகஸ் பிரச்சினை அல்ல. ஃபோகஸ் தவறிய படத்தில் காதோ, விரிப்போ, ஏதாவது ஓரிடம் பெரும்பாலும் கூர்மையாக இருக்கும். ஆடியில், ஆவணியில் இங்கே காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும். பையில் பூட்டி வைத்த லென்ஸில் பூஞ்சை பிடிக்க அது தாராளம். அப்பர்ச்சரைத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள், மெல்லிய நூலிழைகள் தெரிந்தால் அதுதான். ஏ.சி. அறையிலிருந்து நேரே வராந்தாவுக்குக் கொண்டுவந்தாலும் கண்ணாடி வியர்க்கும். பையோடு வெளியே வைத்து, சூடு ஏறிய பிறகு எடுங்கள். டிரை கேபினெட் வாங்க வசதியில்லாதவருக்குக் காற்றுப் புகாத டப்பாவும், சிலிக்கா ஜெல்லும், உள்ளே ஒரு சின்ன ஈரமானியும் போதும். முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்கட்டும்.