பக்கத்து வீட்டு அடுப்பு

அகதிக்கு அரிசி கொடுத்துவிடலாம். அந்த அரிசி பக்கத்து ஊர்க்காரர் வயிற்றில் அடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் பெரும்பாடு. வங்கதேசத்தின் தென்கோடியில் உள்ள காக்ஸ் பஜார் மாவட்டம் இதை அனுபவித்தே தெரிந்துகொண்டது.

2017 ஆகஸ்ட் 25க்குப் பிறகு, சில மாதங்களுக்குள் 7 லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்யாக்கள் மியான்மரிலிருந்து எல்லை தாண்டி வந்தார்கள். பெரும்பாலோர் தங்கியது உக்கியா, டெக்னாஃப் என்ற இரண்டே வட்டங்களில். 2011 கணக்கெடுப்பின்படி இந்த இரண்டிலும் சேர்த்து மக்கள் தொகை 4.7 லட்சம்தான். முன்பே வந்திருந்தவர்களையும் சேர்த்தால், வீட்டுக்காரரைவிட விருந்தாளிகள் அதிகம்.

முதல் நாட்களில் சோறு போட்டவர்கள் உள்ளூர்வாசிகள். நிவாரண லாரிகள் பிறகுதான் வந்தன. அவற்றோடு சங்கடங்களும் வந்தன. காய்கறி, மீன், விறகு விலை ஏறியது. அகதிகள் வேலை செய்யச் சட்டம் அனுமதிக்கவில்லை. ஆனாலும் கிடைத்த கூலிக்குப் போனார்கள், தினக்கூலி சரிந்தது. விறகுக்காகக் காடு மொட்டையானது. அதே ஆண்டு நாஃப் ஆற்றில் மீன் பிடிக்கவும் தடை வந்தது. அரிசியும் பருப்பும் எண்ணெயும் மட்டும் வாங்கிய அகதி, அதில் ஒரு பங்கை விற்று மீனும் காயும் வாங்கினார். "அவர்களுக்கு மூட்டை மூட்டையாக வருகிறது, நமக்கு?" என்ற கேள்வி எழாமல் இருக்குமா?

ஒருங்கிணைப்பு என்ற சொல்லுக்கு இங்கேதான் அர்த்தம் பிறக்கிறது. எந்த முகாமுக்கு எந்த அமைப்பு என்று பிரித்துக்கொள்வது அதில் பாதி வேலைதான். நிவாரணத் திட்டங்களில் சுமார் கால் பங்கு உள்ளூர் மக்களுக்குப் போக வேண்டும் என்று வங்கதேச அரசு வலியுறுத்தியது. உலக உணவுத் திட்டம் மூட்டைகளுக்குப் பதில் மின்னணு அட்டை கொடுத்தது. கைரேகை வைத்து, முகாம் கடையில் விரும்பியதை வாங்கிக்கொள்ளலாம். கடைக்காரர் வங்கதேசத்தவர். காய்கறியில் ஒரு பகுதி சுற்றுவட்டாரத்துப் பெண் விவசாயிகள் விளைவித்தது. 2018 முதல் சமையல் எரிவாயு வந்தது, உள்ளூர்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் சேர்த்து. காட்டுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

இந்த ஏற்பாட்டின் உயிர் நாடி அந்த அட்டையில் விழும் தொகை. ஒருவருக்கு மாதம் 12 டாலராக இருந்தது, நன்கொடை வற்றியதால் 2023 மார்ச்சில் 10 ஆனது, ஜூனில் 8. நம் கணக்கில் நாளுக்கு 22 ரூபாய். அந்த ஆண்டு முடிவதற்குள் முகாம்களில் தீவிர ஊட்டச்சத்துக் குறைவு 15 சதவீதத்தைத் தாண்டியது. உலக சுகாதார அமைப்பு அபாய எல்லை என்று வைத்திருப்பது இந்த 15ஐத்தான். 2024இல் தொகை படிப்படியாக 12.50 ஆனது. 2025 மார்ச்சில் 6ஆகக் குறையும் என்ற அறிவிப்பு வந்தது. அமலாகும் முன் கைவிடப்பட்டு, 12 என்று முடிவானது.

குறைப்பு முகாமோடு நிற்பதில்லை. அட்டையில் நாலு டாலர் குறைந்தால் கடையில் வியாபாரம் குறையும், கத்தரிக்காய் விற்ற பெண்ணுக்கும் வரவு குறையும். வயிறு நிறையாத அகதி இன்னும் குறைந்த கூலிக்கு வெளியே போவார். அங்கே அவருக்குப் போட்டி, அவரைப் போலவே ஏழையான உள்ளூர்க் கூலியாள்.

இந்தியா இதை அறியாததல்ல. 1971இல் சுமார் 15.5 லட்சம் பேர் வாழ்ந்த திரிபுரா, கிட்டத்தட்ட 14 லட்சம் கிழக்கு வங்க அகதிகளைத் தாங்கியது. அவர்களுக்காக நாடு முழுவதும் கடிதத்துக்குக் கடிதம் 5 காசு கூடுதல் தபால்தலை ஒட்டியதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் போர் முடிந்ததும், 1972 தொடக்கத்திலேயே அகதிகளில் மிகப் பெரும்பாலோர் ஊர் திரும்பிவிட்டார்கள்.

ரோஹிங்யாக்களுக்கு அப்படி ஒரு திரும்பும் நாள் தென்படவில்லை. வேலைக்கு அனுமதித்தால் நிரந்தரமாகத் தங்கிவிடுவார்கள் என்று டாக்கா அஞ்சுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் உழைக்கவும் விடாமல், அட்டையையும் வெட்டினால், எஞ்சுவது களவாகச் செய்யும் கூலி வேலைதான். நன்கொடை நாடுகள் அடுத்த முறை வெட்டும்போது, முகாமின் தலைகளை மட்டும் எண்ணினால் போதாது. வேலிக்கு வெளியே எரியும் அடுப்புகளையும் எண்ண வேண்டும்.