மிதவைப் பாலம்னா சும்மாவா? நாலு படகைக் கட்டி விடுற வேலை இல்லை!

2016 மார்ச்சில் டெல்லி யமுனைக் கரையில் வாழும் கலை அமைப்பு 3 நாள் உலகக் கலாச்சார விழா நடத்தியது. நடத்தியது தனியார். ஆற்றைக் கடக்க மிதவைப் பாலம் போட்டுக் கொடுத்தது நம்ம ராணுவம்! நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. மக்கள் பாதுகாப்புக்காகத்தான் என்றது ஒன்றிய அரசு.

இன்னைக்கும் இதைப் பேசினா, "நாலு படகை வரிசையா கட்டி விட்டா பாலம், இதுல என்ன பெரிய வேலை?" என்று கிளம்பி வருகிறார்கள். பதில் சொல்லிடுவோம் தோழர்களே.

மிதவைப் பாலத்துக்கு ஆற்றுக்குள் தூண் கிடையாது. எடையைத் தண்ணீர் தாங்கிக்கொள்ளும். ஆனால் அதே தண்ணீர்தான் ஒவ்வொரு மிதவையையும் ஓட்டத்தோடு தள்ளிக்கிட்டே இருக்கும். ஓட்டத்தின் வேகம் 2 மடங்கானால் தள்ளும் விசை 4 மடங்கு. அதைப் பிடித்து நிறுத்துவது நங்கூரம்.

நீரோட்டம் வரும் பக்கம் தள்ளிப்போய் நங்கூரம் போடணும். கயிறு, ஆழத்தைப் போல பல மடங்கு நீளம் இருக்கணும். குட்டையா இருந்தா நங்கூரம் மேலே இழுபட்டுப் பிடுங்கிக்கும். அடியில் பாறை இருந்தால் நங்கூரம் பிடிக்காது, வழுக்கும். எதிர்க்காற்று அடித்தால் கீழ்ப்பக்கமும் நங்கூரம் வேணும். ஓட்டம் ரொம்ப வேகமானால் இரண்டு கரையிலும் கோபுரம் நட்டு, ஆற்றுக்குக் குறுக்கே இரும்பு வடம் இழுத்து, அதில் மிதவைகளைக் கட்டணும்.

போட்டதோடு முடிஞ்சுதா? நீர்மட்டம் ஏறி இறங்க, கயிற்றை விட்டுப் பிடிக்கணும். மிதந்து வரும் மரத்தைத் தள்ளி விடணும். ராப்பகலா ஆள் நிக்கணும்.

ஆறு வேகமெடுத்தால் வல்லரசும் நிற்கும். 1945 பிப்ரவரியில் ஜெர்மானியர்கள் ரோர் ஆற்று அணையின் மதகுகளைச் சேதப்படுத்தி வெள்ளத்தைத் திறந்துவிட்டார்கள். அமெரிக்கப் படை இரண்டு வாரம் கரையிலேயே காத்துக்கிடந்தது.

இப்படிப்பட்ட வேலைக்குப் பயிற்சி எடுத்த வீரர்களைத்தான் தனியார் விழாவுக்கு அனுப்பினார்கள். கூட்ட நெரிசலில் உயிர் போகக் கூடாது என்பது நியாயமான கவலைதான். மறுக்கவில்லை. அப்படின்னா பாதுகாப்பான வழி இல்லாத இடத்தில் அனுமதி கொடுத்தது யார்? அந்த விழாவுக்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 5 கோடி ரூபாய் இழப்பீடு விதித்ததும் நினைவிருக்கட்டும்.

ராணுவத்தை விட்டால் ஆள் இல்லையா? 2025 கும்பமேளாவில் பிரயாக்ராஜில் போட்ட 30 மிதவைப் பாலங்களும் உத்தரப் பிரதேசப் பொதுப்பணித் துறை போட்டவை. சிவில் துறையால் முடியும்!

ராணுவம் எங்கே வரணும்? 2024 வயநாடு நிலச்சரிவில் மெட்ராஸ் பொறியாளர் படைப்பிரிவு 190 அடி பெய்லி பாலத்தைக் கட்டி, துண்டிக்கப்பட்ட முண்டக்கையை இணைத்தது. அது மிதவைப் பாலம் இல்லை. ஆனால் அங்கே அவர்களைத் தவிர வேற வழி இல்லை. அதுதான் அளவுகோல்.

நம்ம கோரிக்கை எளிமையானது. பேரிடருக்கும் போருக்கும் ராணுவம். விழாவுக்குப் பொதுப்பணித் துறை, அதுவும் நடத்துறவங்க செலவில். இதை எழுத்துபூர்வ விதியாக்குங்கள்.

வீரர்களுக்கு மரியாதை என்பது ஸ்டேட்டஸ் வைப்பது மட்டுமில்லை. அவங்க உழைப்பை யாருக்காகச் செலவழிக்கிறோம் என்று கேட்பதும்தான். கேளுங்க, பகிருங்க!