ஸ்கேனர் சொல்வது பாதிதான்

"டர்போ போயிடுச்சுண்ணே, மாத்தியே ஆகணும்." வாடகைக் கார் ஓட்டும் நண்பர் ஒருவரிடம் ஒரு பட்டறையில் இப்படிச் சொல்லியிருக்கிறார்கள். சேலத்திலிருந்து தர்மபுரி போகும் வழியில் தொப்பூர் மேட்டில் அவருடைய டீசல் வண்டி இழுக்க மறுத்தது. அழுத்தி மிதித்தாலும் ஊர்ந்தது. மீட்டரில் செக் இன்ஜின் விளக்கும், இன்ஜின் சக்தி குறைக்கப்பட்டிருக்கிறது என்ற அறிவிப்பும் வந்தன. பட்டறையில் ஸ்கேனர் மாட்டியதும் 'பி0299' என்று கோடு விழுந்தது. டர்போவின் காற்றழுத்தம் போதவில்லை என்பது அதன் பொருள். உடனே புது டர்போவுக்கு எஸ்டிமேட் எழுதிவிட்டார்கள்.

வட்டிக்குப் பணம் புரட்டுவதற்கு முன் நண்பர் இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டினார். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸில் வெடிப்பு. காற்று முழுக்க அந்த வழியே போய்க்கொண்டிருந்தது. ஹோஸை மாற்றியதும் வண்டி பழையபடி இழுத்தது. டர்போவுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

இது ஒரு பட்டறையின் குறை மட்டுமில்லை. கோடு எந்தப் பாகத்தின் பெயரைச் சொல்கிறதோ அதையே மாற்றிவிடும் வழக்கம் பெரிய சர்வீஸ் சென்டர்களிலும் இருக்கிறது. ஸ்கேனர் தரும் கோடு ஓர் எஃப்.ஐ.ஆர். மாதிரி. புகார் எங்கிருந்து வந்தது என்பது அதில் இருக்கும். குற்றவாளி யார் என்பதை விசாரித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். விசாரணை இல்லாமல் தீர்ப்பு எழுதினால் அபராதம் கட்டுவது வண்டிக்காரர்தான்.

வண்டி ஏன் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்கிறது? பழைய கார்களில் ஆக்சிலரேட்டர் பெடலிலிருந்து ஒரு கேபிள் போய் த்ராட்டிலை நேரே இழுக்கும். இன்றைய பெட்ரோல் கார்களில் கேபிள் கிடையாது. பெடலில் இரண்டு சென்சார், த்ராட்டில் பாடியில் இரண்டு சென்சார். ஒன்று சொல்வதும் மற்றொன்று சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று இன்ஜினின் கணினி விடாமல் சரிபார்க்கிறது. முரண்பட்டால் எதை நம்புவது என்று அதற்குத் தெரியாது. காலை எடுத்த பிறகும் வண்டி பாய்ந்துவிடக் கூடாது என்பதால் சக்தியை அடக்கிவிடுகிறது. இதைத்தான் மெக்கானிக்குகள் லிம்ப் மோடு என்கிறார்கள். பல வண்டிகளில் இன்ஜின் 3,000 சுற்றைத் தாண்டாது. டர்போவின் காற்றழுத்தமோ டீசல் அழுத்தமோ கணக்கு தவறினாலும், இன்ஜின் அளவு மீறிச் சூடானாலும் இதே பாதுகாப்புதான். ஆகவே அந்த அறிவிப்பைப் பார்த்ததும் இன்ஜினே போய்விட்டது என்று பதற வேண்டியதில்லை.

'பி2135' வந்தால் த்ராட்டில் சென்சார்கள் இரண்டும் முரண்படுகின்றன. 'பி2138' என்றால் பெடல் சென்சார்கள். த்ராட்டில் பாடியே கெட்டிருக்கலாம். அதே கோடு கனெக்டருக்குள் மழைநீர் இறங்கிப் பச்சை பூத்திருந்தாலும் வரும், எலி ஒயரைக் கடித்திருந்தாலும் வரும். வாசலில் நிற்கும் கார்களுக்கு நம் ஊரில் எலியைப் போல எதிரி கிடையாது. துருப்பிடித்த எர்த் ஒயரும் தளர்ந்த பேட்டரியும்கூட சென்சார்களைப் பொய் சொல்ல வைக்கும். 'பி0087' டீசல் அழுத்தம் குறைவு என்று சொல்லும். விலை உயர்ந்த பம்பில் கை வைப்பதற்கு முன் டீசல் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, அதில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு டீசல் கார்களில் டி.பி.எஃப். என்ற கரி வடிகட்டி வந்துவிட்டது. சேர்ந்த கரியை அது தானே எரித்துத் தீர்க்க ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். பள்ளிக்கூடம், காய்கறிக் கடை என்று நாலைந்து கிலோமீட்டர் ஓடி நின்றுவிடும் வண்டியில் அந்தச் சூடு ஏறாது. கரி மேலும் மேலும் சேரும். 'பி2463' என்ற கோடு இதைத்தான் சொல்கிறது. டி.பி.எஃப். விளக்கு மட்டும் எரியும்போதே புறவழிச் சாலையில் இருபது முப்பது நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பொருட்படுத்தாமல் விட்டால்தான் சக்தி குறைகிறது, செலவும் ஏறுகிறது.

நல்ல மெக்கானிக் கோடைப் படித்ததும் ஸ்பேனரை எடுக்க மாட்டார். கோடு விழுந்த நொடியில் வேகம், சுற்று, இன்ஜின் சூடு என்னவாக இருந்தன என்று வண்டியே பதிந்து வைத்திருக்கும் ஃப்ரீஸ் ஃபிரேமை முதலில் பார்ப்பார். பிறகு லைவ் டேட்டாவைத் திரையில் ஓடவிட்டு, பெடலை மெல்ல அமுக்குவார், கனெக்டரை அசைப்பார். அசைக்கும்போது அளவு தாவினால் குற்றம் ஒயரில். மல்டிமீட்டரில் பேட்டரி, நிற்கும்போது 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டுகிறதா என்று பார்ப்பார். காற்றுக் குழாய்களில் புகையைச் செலுத்தி ஒழுக்கு தேடுவார். இதற்கு நேரம் ஆகும். அந்த நேரத்துக்கு அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். சோதனைக்குக் காசு தர மாட்டோம், பாகத்துக்கு மட்டும் தருவோம் என்று நாம் நடந்துகொள்வதும் பாகங்கள் வீணாக மாற்றப்படுவதற்கு ஒரு காரணம்.

பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டி விளக்கை அணைக்கும் வித்தையை விட்டுவிடுங்கள். பல வண்டிகளில் பதிவான சாட்சியமும் அதோடு அழிந்துவிடும். கோளாறு அப்படியே இருக்கும். சாலையில் இந்த அறிவிப்பு வந்தால் ஹசார்டு விளக்கைப் போட்டு இடது ஓரம் வாருங்கள், ஓவர்டேக் செய்யாதீர்கள். கூடவே ஆயில் விளக்கோ சூடு விளக்கோ எரிந்தால் இன்ஜினை உடனே நிறுத்துங்கள். செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினாலும் ஓரமாக நிறுத்துவதே நல்லது.

பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். என்ன கோடு வந்தது? அது எந்த நிலையில் விழுந்தது? இந்தப் பாகம்தான் கெட்டிருக்கிறது என்று எந்தச் சோதனை சொன்னது? மூன்றாவது கேள்விக்குப் பதில் வரவில்லையென்றால், சாவியை வாங்கிக்கொண்டு வேறு பட்டறைக்குப் போங்கள்.