பிள்ளைகளும் நீதிப் பாட்டுகளும்

நமது பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் நீதிப் பாட்டும் நீதிக் கதையும் கற்றுக் கொடுத்து வருவதாக நாம் சொல்லிக் கொள்ளுகிறோம். உண்மையிலேயே கற்றுக் கொடுக்கிறோமா, அல்லது ஒரு பக்கம் வாய்க்குள் போட்டு மறுபக்கம் வெளியே எடுத்துக் காட்டுகிறோமா என்பதுதான் இப்போது யோசிக்க வேண்டிய விஷயமாகும்.

சமீபத்தில் ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழாவிற்குப் போயிருந்தோம். எட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று மேடையேறி ஆத்திசூடி முழுவதையும் தடங்கலின்றி ஒப்பித்தது. கூட்டம் கைதட்டிற்று, நாமும் தட்டினோம். குழந்தை இறங்கி வந்த பிறகு பக்கத்தில் கூப்பிட்டு, அது சொன்னதில் ஓர் அடியை எடுத்துச் சொல்லி, "இதற்கு அர்த்தம் என்னம்மா?" என்று கேட்டோம். கொஞ்சமும் தயங்காமல், பாட்டைச் சொன்ன அதே ராகத்தில் அர்த்தத்தையும் ஒப்பித்து விட்டது! புஸ்தகத்தில் அச்சிட்டிருந்த பொழிப்புரையில் ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை. "அப்படியென்றால் என்ன?" என்று மறுபடியும் கேட்டதற்குத்தான் விழித்தது. "அதுதான் தாத்தா அர்த்தம்" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டது.

நாம் கேட்ட அடி எதுவென்றால், பெண்கள் சொல் கேட்டு நடவாதே என்று பொருள்படும் அடியாகும். அதைப் பாடியவர் ஒளவை என்னும் பெண். மேடையில் சொன்னதும் ஒரு பெண் குழந்தை. அதற்குக் கற்றுக் கொடுத்தவரும் ஒரு பெண் உபாத்தியாயரே. மூன்று பெண்கள் சேர்ந்து, பெண் பேச்சைக் கேட்காதீர்கள் என்று ஊராருக்குச் சொல்ல, ஊராரும் அதைக் கேட்டுக் கைதட்டினார்கள். இந்த வேடிக்கையை அங்கே ஒருவரும் கவனிக்கவில்லை; சொன்ன குழந்தையும் கவனிக்கவில்லை. (உரைகாரர் சிலர் இதற்கு, மனைவி சொல்லை ஆராயாமல் கேட்காதே என்று சமாதானம் சொல்லுகிறார்கள். கணவன் சொல்லை மாத்திரம் ஆராயாமல் கேட்கலாமா என்பதை அவர்கள் சொல்லக் காணோம்.)

இதற்காக அந்தக் குழந்தை மீதோ உபாத்தியாயர் மீதோ நாம் குற்றம் சொல்ல வரவில்லை. மனப்பாடம் என்பது ஒரு காலத்தில் காரணத்தோடு ஏற்பட்டதுதான். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் கையில் புஸ்தகம் கிடையாது. உபாத்தியாயரிடம் இருந்ததும் ஒன்றிரண்டு ஓலைச் சுவடியே. பிள்ளை மணலில் விரலால் எழுதி அழித்து எழுதிப் பழகிற்று. அழிந்து போகிற எழுத்தை வைத்துக் கொள்ள மனத்தைத் தவிர வேறு இடமில்லை. ஆத்திசூடியின் அடிகள் அ, ஆ, இ, ஈ என்று எழுத்து வரிசைப்படி தொடங்குவதும் இதனால் பிள்ளைகளுக்குத் தோதாக இருந்தது. பாட்டைச் சொன்னால் எழுத்தின் வரிசை நினைவுக்கு வரும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எழுத்து வரிசைக்காக அமைந்த அடிகள், எது பிள்ளைக்கு எளிது, எது கடினம் என்ற வரிசையில் அமைந்தவை அல்ல. ஙகரத்திற்கு உரிய அடிக்கு, உடம்பை வளைத்து வணங்கு என்கிறார் ஒருவர்; சுற்றத்தாரைத் தழுவிக்கொள் என்கிறார் மற்றொருவர். நரைத்த தலைகளுக்குள்ளேயே வழக்குத் தீராத ஓர் அடியை ஐந்து வயதுக் குழந்தை தெரிந்து கொண்டுவிட்டதாக நாம் நினைத்துக் கொள்ளுவது எப்பேர்ப்பட்ட ஏமாற்றம்! இன்றைக்கோ தமிழ்நாட்டு அரசாங்கப் பள்ளிகளில் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் இலவசமாகவே புஸ்தகம் இருக்கிறது. காரணம் போய்விட்டது, வழக்கம் மாத்திரம் நின்றுவிட்டது.

நிற்க, சின்னப் பாட்டுத்தானே, இதில் விளங்காமல் போவதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். பாட்டு சின்னதுதான். ஆனால் அதன் பாஷை பிள்ளை வீட்டில் பேசுகிற பாஷை அல்ல. "ஏல்" என்பதை எடுத்துக் கொள்ளுவோம். நீதி நூல்களில் ஒரு வினையின் கடைசியில் "ஏல்" என்று வந்தால் "செய்யாதே" என்று அர்த்தம். அதுவே தனிச் சொல்லாக வந்தால் "ஏற்றுக்கொள்" என்று அர்த்தம். இந்த ஒன்றைச் சொல்லிக் கொடுக்காமல் விட்டால் பிள்ளைக்கு விலக்கும் கட்டளையும் ஒன்றாகவே காதில் விழும். இதைச் சொல்லிக் கொடுப்பதற்குக் கால் மணி நேரம் போதும். "ஓடாதே, அடிக்காதே என்று அம்மா சொல்லுகிறாளே, அந்தக் காலத்தில் அதை இப்படிச் சொன்னார்கள்" என்றால் எந்தப் பிள்ளைக்கும் புரியும்.

குறளின் சங்கதி இதைவிட மோசம். முதல் அடிக்கு நான்கு சீர், இரண்டாம் அடிக்கு மூன்று சீர் என்ற கணக்கில், ஓசைக்காகப் பிரித்து அச்சிடுகிறார்கள். சில இடங்களில் ஒரு சொல்லின் தலை ஒரு சீரிலும் வால் அடுத்த சீரிலும் கிடக்கும். பிள்ளை அதைப் பார்த்து, இடைவெளி விட்ட இடமெல்லாம் ஒவ்வொரு சொல் என்று எண்ணிப் படிக்கிறது. தமிழில் இப்படியெல்லாம் சொற்கள் இருக்கின்றன போலும், நமக்குத்தான் தெரியவில்லை என்று தன்னையே மட்டமாக நினைத்துக் கொள்ளுகிறது. பழைய நூல்களைச் சொல் பிரித்து மலிவு விலையில் 1950-களில் மர்ரே எஸ். ராஜம் வெளியிட்டார். அது வயது வந்தவர்களுக்கு உதவிற்று. பிள்ளைகள் விஷயத்திலும் முதலில் சொல் பிரித்த பாட்டைப் படிக்கச் செய்து, பொருள் தெரிந்த பிறகு சீர் பிரித்த பாட்டை ஓசையோடு சொல்லச் செய்தால் என்ன நஷ்டம் வந்துவிடும் என்று கேட்கிறோம். 1330 குறளையும் ஒப்பிக்கும் மாணவர்களுக்கு அரசாங்கம் பரிசு கொடுக்கிறது, கொடுக்கட்டும். பத்துக் குறளைத் தன் வீட்டுப் பேச்சில் சொல்லி, அதில் தனக்குச் சம்மதம் எது, சம்மதமில்லாதது எது என்று சொல்லும் பிள்ளைக்கும் ஒரு பரிசு வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.

"முதலில் மனப்பாடம் செய்யட்டும், வயது வந்தால் அர்த்தம் தானே விளங்கும்" என்று பெரியவர்கள் சொல்லுவது நமக்குத் தெரியாததல்ல. இதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. சிறு வயதில் நெட்டுருப் போட்ட சில அடிகள் நமக்கே பின்னால் உதவியிருக்கின்றன. ஆனால் யாருக்குத் தானே விளங்கிற்று என்று பார்க்க வேண்டாமா? படித்த தாத்தாவும், அலமாரி நிறையப் புஸ்தகமும், சாப்பிடும்போது பாட்டுக்கு வியாக்கியானம் சொல்லும் தகப்பனாரும் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு விளங்கும். களை எடுத்துவிட்டு வந்து அடுப்புப் பற்ற வைக்கும் தாயின் பிள்ளைக்கு யார் சொல்லுவார்கள்? அதற்குப் பள்ளிக்கூடம் ஒன்றுதான் இடம். அங்கேயும் ஒப்பித்தால் போதும் என்று விட்டுவிட்டால், பாட்டு அதற்கு வெறும் சத்தமாகவே நின்றுவிடும். இரண்டு வகுப்பு தாண்டியதும், "இதற்குப் படிப்பு ஏறாது" என்ற பட்டம்தான் கிடைக்கும். எட்டு வயதுக்குள் பொருளறிந்து படிக்கச் செய்வதே நோக்கமென்று 2022-இல் தமிழ்நாட்டில் "எண்ணும் எழுத்தும்" திட்டம் தொடங்கினார்கள். நோக்கம் நல்லதே. ஆனால் பொருளறிதல் என்பது பொழிப்புரையை ஒப்பிப்பதாக முடிந்துவிடக் கூடாது.

நமது தோழர்கள் சிலர், இந்தப் பழைய நீதி நூல்களையே பிள்ளைகளிடமிருந்து எடுத்துவிட்டால் என்ன என்று கேட்கிறார்கள். நாம் அதற்குச் சம்மதிக்க முடியாது. ஜாதி என்பது பிறப்பினால் அல்ல, கொடுப்பதும் கொடாததுமே பேதம் என்ற கருத்து நல்வழியில் இருக்கிறது. எல்லாம் விதிப்படியே நடக்கும் என்பதும் அதே நல்வழியில் இருக்கிறது. பொருள் தெரிந்த பிள்ளை இரண்டையும் எடை போட்டுப் பார்க்கும். பொருள் தெரியாத பிள்ளை இரண்டையும் ஒரே ராகத்தில் பாடும். பாரதியார் புதிய ஆத்திசூடி எழுதியதும், பாரதிதாசன் தாமும் ஓர் ஆத்திசூடி எழுதியதும் பழையதன் பொருளை அறிந்து எடை போட்டதனால்தானே!

கதைகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாண்டவராய முதலியார் 1826-இல் வசனமாக வெளியிட்ட பஞ்சதந்திரக் கதைகளைப் பிள்ளைகளுக்கு உரியவை என்று வெகு காலமாகக் கொடுத்து வருகிறோம். அந்தக் கதைகளோ, ஓர் அரசனுடைய மூடப் பிள்ளைகள் மூவருக்கு ராஜ தந்திரம் புகட்டுவதற்காகச் சொல்லப்பட்டவை என்று அந்த நூலே சொல்லுகிறது. அதில் பல இடங்களில் ஜெயிப்பது நேர்மையல்ல, சூதுதான். அது படிக்கக் கூடாததல்ல, படிக்க வேண்டியதே. ஆனால் "ஜெயித்தது சரி, செய்தது சரியா?" என்று பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். நாமோ கதை முடிந்ததும் முடியாததுமாக, "இதனால் அறியும் நீதி யாதெனில்" என்று தொடங்கி, பிள்ளை யோசிக்க வேண்டியதை நாமே யோசித்துக் கையில் கொடுத்து விடுகிறோம்.

இந்த வேலையில் ஒரு பங்கைப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை எழும்பூரில் அனாதைப் பிள்ளைகளின் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற வெள்ளைக்காரப் பாதிரி, நமது பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் அதைக் கொண்டு வந்தார். பெரிய பிள்ளைகளைக் கொண்டே சிறிய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வைத்தார். 1797-இல் லண்டனில் அதைப் புஸ்தகமாகவும் வெளியிட்டார். சீமையில் அதற்குச் சென்னை முறை என்றே பெயர் வழங்கிற்று. படிப்பகம் வைத்து நடத்தும் நமது தோழர்கள் சாயங்காலத்தில் ஒரு மணி நேரம் இதைச் செய்து பார்க்கலாம்.

சென்ற மாதம் ஒரு படிப்பகத்தில் அப்படிச் செய்ததைப் பார்த்தோம். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் நாலைந்து சிறுபிள்ளைகளை உட்கார வைத்து, பாட்டி சுட்ட வடையைக் காக்கை தூக்கிப்போன கதையைச் சொன்னான். புகழ்ச்சிக்கு ஏமாறக் கூடாது என்பதே நீதி என்று, பள்ளிக்கூடத்தில் சொல்லியபடியே முடித்தான். அவன் தங்கை விடவில்லை. "அண்ணா, காக்கா திருடினது தப்பு இல்லையா? பாட்டிக்கு வடைக்காசு யாரு குடுப்பாங்க?" என்று கேட்டது. பையன் நம்மைத் திரும்பிப் பார்த்தான். நாம் வாய் திறக்கவில்லை. தின்றது நரியாதலால் நரிதான் கொடுக்க வேண்டும் என்றான் ஒருவன். முதலில் எடுத்தது காக்கைதானே என்றாள் ஒருத்தி. காக்கைக்குக் குஞ்சு பசித்திருந்தால் என்ன செய்யும் என்று இன்னொரு பிள்ளை கேட்டது. பாட்டியிடமே கேட்டிருந்தால் ஒரு வடை கொடுத்திருப்பாள் என்றது தங்கை. எட்டு மணிக்குப் படிப்பகத்தைப் பூட்ட வேண்டியிருந்தது. தெருவில் இறங்கியும் அவர்கள் வழக்கு முடிந்தபாடில்லை.